பூட்டிய கொட்டகையில் ஒரு புகாட்டி

கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய மோட்டார் வண்டியை வாங்கிப் புதுப்பிக்க முனைவோருக்கு முதல் தடை துருவன்று. கொடுக்க இசையாத உரிமையாளரின் மனமே. இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும்.

1931ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் வென்றவர்களுள் ஒருவர் ஹவ் பிரபு. பிரான்சு நாட்டுப் புகாட்டி தொழிற்சாலை 1937இல் உருவாக்கிய 57 எஸ் வகை வண்டியொன்றை அவர் பெற்றார். பின்னர் அது கைமாறி, 1955இல் நியூகாசில் பகுதியினர் ஒருவரை அடைந்தது. அவர் சில ஆண்டுகள் ஓட்டியபின், 1960களின் தொடக்கத்தில் அதனைக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டினார். செய்தியறிந்த ஆர்வலர் விலை கேட்டனர்; அவரோ இசைந்தாரில்லை.

2007இல் அவர் மறைந்தார். 2009 பெப்ரவரியில் பாரிஸ் நகர ஏலத்தில் அவ்வண்டி ஏறத்தாழ 34 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. தூசி படிந்த வண்டிக்கு இத்துணை விலை ஏன்? எந்திரமும் அடிச்சட்டமும் உடற்கூடும் தொழிற்சாலையில் அமைந்தவையாகவே எஞ்சியிருந்தன. முன்னரே விற்கப்பட்டிருப்பின், பழுதுபார்த்தோர் பாகங்களை மாற்றியிருக்கவும் கூடும்.

எனவே அம்மறுப்பு ஒருவகையிற் காவலாயிற்று. ஆயினும் அக்காவலுக்கு ஒரு விலையுண்டு. சாலைக்கெனப் பிறந்த வண்டி ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருளிற் கிடந்தது. அதனைக் காத்தவரும் மீண்டும் அதன் ஓசையைக் கேளாமலே மறைந்தார். காப்பதும் பயன்படுத்துவதும் ஒன்றோடொன்று பொருதுமிடத்து, எதனைத் தெரிவது? விடை எளிதன்று, நேயர்களே!