பழைய காரைத் திருத்த முதல்

யாழ்ப்பாணத்தில் பழைய வீட்டு வளவுகளுக்குள் போனால், பின்பக்கக் கொட்டிலில் படங்கால் மூடின கார் ஒன்று நிற்கிறதை இப்பவும் காணலாம். ஒஸ்ரின் ஏ40, இல்லாட்டி கேம்பிரிட்ஜ், இல்லாட்டி மொறிஸ் மைனர். அப்பப்பா வாங்கி ஓடினது, அப்பா கொஞ்சக் காலம் ஓடினது, இப்ப பேரப்பிள்ளையின் கைக்கு வந்திருக்கும். நாலு ரயரும் காற்றுப்போய் நிலத்தோடு கிடக்கும். சீற்றுக்குள் எலி குடியிருக்கும். பேரப்பிள்ளைக்கு ஓர் ஆசை: கழற்றித் திருத்தி, புதுசு மாதிரி பெயின்ற் அடித்து, ஒரு நாளைக்கு நல்லூர் வீதியால் ஓடவேணும்.

நல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கார் 60, 70 வருசமாக எங்கட ஊரில் நடந்ததைத் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிற ஒரு ஆவணமும்கூட. ஸ்பானரை எடுக்க முதல் அதை ஒருக்கா வாசிக்கவேணும்.

முதல் பக்கம், அது வந்த கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் கிடந்தது. செய்கிற கார்களில் பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி அரசாங்கம் கம்பனிகளை நெருக்கியது. 1947இல் பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவன் அப்படி ஏற்றுமதிக்கென்றே ஓட்டின கார். 1952இல் அதன் இடத்துக்கு சோமசெற் வந்தது. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் வந்தது. பிறகு 16 லட்சம் வரை செய்யப்பட்டது. இலங்கை சுதந்திரம் அடைந்ததும் அதே 1948இல்தான். இடப்பக்கம் ஓடுகிற நாடு, வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள கார். வைத்தியர், உத்தியோகத்தர், புகையிலை வியாபாரி, வாடகைக்கு ஓடுகிறவர் என்று பல பேரிடம் அது போய்ச் சேர்ந்தது.

பிறகு 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதியில் கடும் கட்டுப்பாடு வந்தது. இங்கிலாந்தில் பத்து வருசத்தில் இரும்புக்கடைக்குப் போன கார், இங்கே தகப்பனிடம் இருந்து மகனுக்குப் போனது. உதிரிப்பாகம் வராத இடத்தில் கடைச்சல் பட்டறை பாகத்தைச் செய்தது. ஆகவே உங்கட கொட்டிலில் நிற்கிற ஏ40இல் எல்லாப் பாகமும் லோங்பிரிட்ஜில் பிறந்ததென்று நினைக்கவேண்டாம். சிலது யாழ்ப்பாணத்துப் பட்டறையில் பிறந்திருக்கும்.

இரண்டாம் பக்கம், இலக்கத்தகடு. அதில் ஈ.எல்., ஈ.என். மாதிரி ஆங்கில எழுத்து இருந்தால் அந்தக் கார் 1957க்கு முதல் பதியப்பட்டது. சிங்கள ஸ்ரீ இருந்தால் அதற்குப் பிறகு பதியப்பட்டது. ஏ40 சோமசெற்றின் உற்பத்தி 1954இலேயே முடிந்துவிட்டதால் அநேகமாக அதில் ஆங்கில எழுத்து இருக்கும். பிறகு வந்த ஏ55 கேம்பிரிட்ஜில் ஸ்ரீ இருக்கும். இரண்டு காருக்கும் இடையில் ஒரு சட்டம் இருக்கிறது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த அடுத்த வருசம் அது.

1957 ஜனவரியில் இருந்து புதிதாகப் பதியப்படும் வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ கட்டாயமானது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. சிங்கள எழுத்தைத் தார் பூசி அழித்து, தமிழ் 'ஸ்ரீ' எழுதி ஓடினார்கள். 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமானது. மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரசாங்க பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தார்ப்பூச்சு திரும்பத் தொடங்கியது. தெற்கில் தமிழ் எழுத்துப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் இனக்கலவரம். ஒரு தகட்டில் இருந்த ஓர் எழுத்தைச் சுற்றி இவ்வளவும் நடந்தது. காரைத் திருத்துகிறபோது துருப்பிடித்த தகட்டை எறிந்துவிட்டுப் புதுத்தகடு அடிப்பது சுகம். அதில் தார்க் கறை இருக்கிறதா, அடியில் வேறு எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்க ஐந்து நிமிசம் போதும்.

மூன்றாம் பக்கம் எஞ்சினுக்குள் இருக்கு. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி எல்லாம் தடை. மண்ணெண்ணெய்யில் வாகனம் ஓடின கதையை வீட்டில் பெரியாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது எப்படி ஓடினது?

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்ரார்ட் வராது. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். மற்றது, அழுத்தம் கூடின எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரகாலத்துக்கு முதலே வெடித்து எஞ்சினைத் தட்டப்பண்ணும். ஏ40இன் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்றை ஒட்டினது. அதனால்தான் அந்தக் கிழட்டு எஞ்சின் தாங்கினது. அழுத்தம் கூடின பிந்திய எஞ்சின்களுக்கு அது கஷ்டம். 1940களின் கடைசியில் பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில்தான் வந்தது: பெற்றோலில் தொடக்கம், சூடேறினதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். அங்கே பொறியியலாளர் வரைபடம் போட்டுச் செய்ததை, இங்கே மெக்கானிக்மார் தடைக்குள் இருந்துகொண்டு கைப்பழக்கத்தில் செய்தார்கள்.

அதற்கு எஞ்சின் விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் தண்ணியாகும். றிங் தேயும், வால்வில் கரி கட்டும். இன்றைக்கு நீங்கள் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுகிறபோது தடித்த கரியும், அளவுக்கு மிஞ்சித் தேய்ந்த சிலிண்டரும் கண்டால், பராமரிக்காத கார் என்று அப்பப்பாவைக் குறை சொல்ல அவசரப்படவேண்டாம். அது ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டு ஓடின தேய்மானமாகவும் இருக்கலாம்.

நான்காம் பக்கம், கார் நின்ற நாள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டது. சைக்கிளிலும் கால்நடையாகவும் போனவர்கள்தான் அதிகம். எரிபொருள் இல்லாத கார்கள் கொட்டிலிலேயே நின்றன. வலிகாமம் வடக்கில் இன்னும் முந்தி, 1990இலேயே வளவுகளை விட்டுச் சனம் வெளிக்கிட்டுவிட்டது. சில கார்கள் அந்த நாளுக்குப் பிறகு ஓடவேயில்லை. டாஷ்போர்ட்டில் நிற்கிற மைல் கணக்கு அந்தக் குடும்பத்தின் கடைசிப் பயணக் கணக்கு. கையுறைப் பெட்டிக்குள் ஒரு பாஸ், ஒரு ரசீது, ஒரு மருந்துத் துண்டு கிடக்கலாம். கூட்டித் துடைக்கிற நாளில் முதலில் குப்பைக்குப் போவது இதுகள்தான்.

உலகத்தில் பழைய கார் சேர்க்கிறவர்களும் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1937இல் செய்த புகாட்டி 57எஸ் கார் ஒன்றை இங்கிலாந்தில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் 1960களின் தொடக்கத்தில் கராச்சுக்குள் விட்டுப் பூட்டினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது அங்கேயே நின்றது. அவர் இறந்தபின் அது உறவினருக்கு வந்தது. அவர்கள் திருத்தாமல், 2009 பெப்ரவரியில் பாரிஸில் ஏலத்துக்கு விட்டார்கள். 34 லட்சம் யூரோவுக்குப் போனது. 2012இல் பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு, தூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான 1964இன் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாக வைத்து எழுதியது அது. வாகனத்தில் இருக்கிற வரலாற்றுத் தடயங்களை மதிக்கவேணும், செய்கிற மாற்றத்தைப் பதிந்து வைக்கவேணும் என்று அது கேட்கிறது.

எங்கட கார்களுக்கு அந்த விலை வராது. ஆனால் கேள்வி ஒன்றுதான். லோங்பிரிட்ஜில் இருந்து வந்த நாளில் இருந்த மாதிரி ஆக்கினால், 1952ஆம் ஆண்டின் ஒரு ஆங்கிலேயக் கார் கிடைக்கும். அதுமாதிரி உலகத்தில் எத்தனையோ இருக்கு. மண்ணெண்ணெய்யில் ஓடின, பட்டறையில் பாகம் செய்து போட்ட, தகட்டில் தார் பட்ட கார் வேறெங்கும் இல்லை.

அதற்காக எல்லாத்தையும் அப்படியே விடச் சொல்லவில்லை. ஓடினால்தான் அது கார். பிறேக் றப்பர்கள், பிறேக் குழாய்கள், ரயர், துணி சுற்றின பழைய வயர் எல்லாம் மாற்றியே ஆகவேணும். இதில் பாசம் பார்க்க ஏலாது. வருசக்கணக்கில் நின்ற எஞ்சினைப் பற்றறி கொழுவி உடனே சுழற்றவும் கூடாது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கவேணும். தாங்கியில் துருவும் பிசினும் இருக்கும். கழுவாமல் பெற்றோல் விட்டால் காபரேட்டர் அடைக்கும். அடியில் துரு தின்ற தகட்டை வெட்டி ஒட்டத்தான் வேணும், முக்கியமாக மொறிஸ் மைனரில். அதற்குத் தனிச் சட்டகம் இல்லை, உடம்பே சட்டகம்.

ஆனால் கழற்ற முதல் படம் எடுங்கோ. நாலு பக்கமும், அடியும், எஞ்சினும், தகடும். கழற்றின ஒவ்வொரு பாகத்தையும், முக்கியமாக ஊர்ப்பட்டறையில் செய்த பாகங்களை, பேர் எழுதி ஒரு பெட்டிக்குள் போட்டு வையுங்கோ. பழைய பெயின்றில் ஒரு சாண் இடத்தையாவது கதவின் உட்பக்கத்தில் விடுங்கோ. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பழைய உரிமையாளர் பட்டியலைப் பிரதி எடுங்கோ.

எல்லாத்துக்கும் முதல், அந்தக் காரில் கைவைத்த மெக்கானிக் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கோ. 1990இல் முப்பது வயதில் மண்ணெண்ணெய்க்குக் காபரேட்டர் மாற்றினவருக்கு இப்ப அறுபத்தைந்துக்கு மேல். அவர் என்ன ஜெற் போட்டார், துவாரத்தை எவ்வளவு பெருப்பித்தார், பாகத்தை எந்தப் பட்டறையில் கடைந்தார் என்பதற்கு எழுத்துப் பதிவு கிடைப்பது அருமை. போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, ஒரு தேத்தண்ணியோடு இருந்து கேளுங்கோ. காரின் தகரத்தை அடுத்த வருசமும் ஒட்டலாம்.