திருச்சுழியும் துடுப்பும்: நீர் விளையாட்டுப் பாதுகாப்பு பிறந்த கதை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெங்கும் கரிசல் மண்ணும் சீமைக்கருவேல மரங்களும்தான். ஆண்டின் பெரும்பகுதி கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்க்க முடியும். ஆனால் இந்த வறண்ட ஊரின் பெயரிலேயே ஒரு நீர்ச்சுழி இருக்கிறது! ஊழி வெள்ளம் உலகை மூடியபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட்டார், வெள்ளம் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கியது, அதனால் ஊருக்குச் சுழியல் என்று பெயர் வந்தது என்கிறது தலபுராணம். சுந்தரர் பாடிய தலம் இது. 1879ல் ரமண மகரிஷி பிறந்த ஊரும் இதுதான்.

தண்ணீரே இல்லாத ஊருக்கும், கேனோ, கயாக் போன்ற சிறு படகுகளைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தண்ணீர் எப்போதும் இருக்கும் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே நீந்தவும் பழகிவிடுகிறார்கள். தண்ணீர் விருந்தாளி போல வந்து போகும் ஊரில் அப்படி நடப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிக் கண்மாய் நிறைந்ததும் ஆசையாகக் குளிக்கப் போகிறார்கள். கோடையில் கரம்பை மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் மறைந்திருப்பது யாருக்கும் தெரிவதில்லை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நாளிதழ்களில் சோகச் செய்திகள் கூடுவதற்கு இது ஒரு காரணம். 2021ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் இப்படி இறக்கிறார்கள்.

முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு

இந்தச் சீமையில் நீர் பற்றிய அறிவு முன்பு இல்லாமல் இல்லை. பழைய கண்மாய்களில் குமிழித்தூம்பு என்ற அமைப்பு உண்டு. கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்கு நடுவில், இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் உள்ள துளையை ஒரு கல் அடைத்திருக்கும். பாசனத்துக்கு நீர் திறக்க வேண்டுமானால் ஒருவர் நீந்திப் போய் அந்த அடைப்பைத் தூக்க வேண்டும். கண்மாய் நிறைந்து நிற்கும்போது இது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. இதற்கென்றே ஊரில் மடைக்குடும்பன், நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்ற பெயர்களில் ஆட்கள் இருந்தார்கள். எங்கே ஆழம், எங்கே இழுப்பு, எப்போது இறங்கலாம், எப்போது கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொன்னால் ஊர் கேட்டது.

நீச்சல் கற்றுக்கொடுக்கவும் ஒரு முறை இருந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பிள்ளையைக் கிணற்றில் இறக்கினார்கள். மிதவை, கயிறு, கரையில் ஒரு பொறுப்பான ஆள். இன்றைய நீர் விளையாட்டு மையங்கள் பின்பற்றும் விதிகளின் சாரம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கட்டுமரமும் கயாக்கும்

கயாக் என்பது ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைப் படகு. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, மேல்பக்கமும் மூடி, உட்காரும் அளவுக்கு மட்டும் ஒரு துளை விட்டிருப்பார்கள். இருபக்கமும் தட்டையாக உள்ள துடுப்பால் ஓட்டுவார்கள். கேனோ மேலே திறந்திருக்கும் படகு. அதன் துடுப்பு ஒரு பக்கம் மட்டும் தட்டையானது. 1865ல் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் மக்ரேகர் 'ராப் ராய்' என்ற சிறு படகைச் செய்து ஐரோப்பிய ஆறுகளில் பயணம் செய்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூலால் இது பொழுதுபோக்கு விளையாட்டாகப் பரவியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகவும் ஆனது.

தமிழரின் கட்டுமரம் இதற்கு நேர் எதிரானது. கயாக் தண்ணீரை உள்ளே விடாமல் மூடிக்கொள்கிறது. கட்டுமரமோ தண்ணீரைத் தடுப்பதே இல்லை. அலை மேலே ஏறும், மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். நிரம்புவதற்கு உள்பள்ளம் இல்லாததால் அது மூழ்குவதில்லை. இன்று சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கப்படும், மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அவற்றின் தளத்தில் உள்ள ஓட்டைகள் வழியே தண்ணீர் வடிந்துவிடுகிறது. ஆபத்தானவை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட படகுகள்தான். உள்பள்ளம் இருக்கும், ஆனால் அதை மூடும் திரை இருக்காது. அலை ஏற ஏறப் படகு தொட்டியாகிவிடும்.

1993 மார்ச் 22

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் அன்று நடந்தது இதுதான். பிளிமத் நகரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் 8 பேர், ஆசிரியர் ஒருவர், பயிற்றுநர்கள் 2 பேர் என 11 பேர் லைம் ரீஜிஸ் என்ற ஊரிலிருந்து அருகிலுள்ள கடற்கரைக்குக் கயாக்கில் கிளம்பினார்கள். ஆசிரியரின் படகு திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். மற்ற பயிற்றுநர் மாணவர்களின் படகுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் செய்தார். ஆனால் கரையிலிருந்து கடலை நோக்கி வீசிய காற்று அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டே போனது. படகுகளை மூடும் திரை இல்லை. அலை ஏறிப் படகுகள் நிரம்பி ஒவ்வொன்றாக மூழ்கின. உதவி கேட்க வானொலிக் கருவியோ தீப்பொறிக் குழலோ கையில் இல்லை. நண்பகலில் திரும்ப வேண்டியவர்கள் வராதபோதும் கடலோரக் காவலுக்கு வெகுநேரம் கழித்தே முறையான தகவல் போனது. குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் மிதந்த மாணவர்களில் 4 பேர் இறந்தார்கள்.

பின்னர் வெளிவந்த ஓர் உண்மை எல்லோரையும் அதிரவைத்தது. அந்த மையத்தில் முன்பு வேலை பார்த்த இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று 1992லேயே நிர்வாக இயக்குநருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்குப் பலன் இல்லை. 1994 டிசம்பரில் நீதிமன்றம் அந்த இயக்குநருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. மையத்தை நடத்திய ஓ.எல்.எல். நிறுவனமும் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது. பிரிட்டனில் ஒரு நிறுவனம் இப்படித் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. 1995ல் இளையோருக்கான சாகச மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது.

விதிகள் வந்த வழி

விதிகள் பெரும்பாலும் இப்படி மரணத்துக்குப் பின்னால்தான் வந்திருக்கின்றன. 1854ல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பைச் சேர்ந்த கேப்டன் வார்டு தக்கையால் ஆன மிதவை உடையைச் செய்தார். சுரைக்குடுக்கையின் வேலையைத்தான் அங்கே தக்கை செய்தது. பலர் அதை அணியத் தயங்கினார்கள். 1861ல் விட்பி என்ற ஊரில் உயிர்காப்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தபோது, பிழைத்த ஒருவர் மட்டுமே அந்தப் புதிய உடையை அணிந்திருந்தார்.

இந்தியாவிலும் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா சென்ற படகு கவிழ்ந்து மாணவர்கள் 12 பேரும் ஆசிரியர்கள் 2 பேரும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. இத்தனைக்கும் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் 1990ல் தொடங்கப்பட்டுப் பயிற்சி அளித்து வருகிறது. சாகசச் சுற்றுலாவுக்கான வழிகாட்டு நெறிகளும் 2018ல் வெளியிடப்பட்டன. ஏட்டில் இருப்பது படகுத்துறைக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல்.

நல்ல மையத்தில் நடப்பது என்ன?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டக் கடலோரத்தில், தொண்டிக்கு அருகே உள்ள காரங்காட்டில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரியும் கயாக்கும் நடத்துகிறார்கள். தண்ணீரே பார்க்காத கரிசல் காட்டுப் பிள்ளைகள் துடுப்புப் பிடிக்க இப்போது வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆகவே ஒரு நல்ல மையம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில், நீந்தத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். அடுத்து லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார்கள். காது வரை ஏறினால் அது அளவு சரியில்லாத உடை. பிறகு ஆழமில்லாத இடத்தில் படகைக் கவிழ்த்து, வெளியே வரவும், படகை விடாமல் பிடித்துக்கொள்ளவும் பழக்குவார்கள். விசில் அடித்தால் என்ன பொருள் என்று சொல்லித்தருவார்கள். முன்னால் ஒரு பயிற்றுநர், கடைசியில் ஒரு பயிற்றுநர் என்று போவார்கள். எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், திரும்பாவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது கரையில் இருப்பவர் கையில் எழுதி இருக்கும். லைம் விரிகுடாவில் இவற்றில் எவையெல்லாம் தவறின என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றைப் பார்ப்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தத் தென்மேற்குக் காற்று காரங்காடு இருக்கும் பாக் நீரிணைக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலையே இல்லாமல் தண்ணீர் தட்டாகத் தெரியும். அதுதான் ஏமாற்று! திறந்த கடலுக்குப் போகப் போகக் காற்றின் பிடி இறுகும், திரும்பி வரும்போது எதிர்த்துத் துடுப்புப் போடக் கையில் பலம் இருக்காது. லைம் விரிகுடாவில் மாணவர்களை இழுத்துக்கொண்டு போனதும் இப்படி ஒரு கரைக்காற்றுதான்.

ஆகவே லைஃப் ஜாக்கெட்டைவிடவும் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கரையில் இருக்க வேண்டும், அவர் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும். 1992ல் கடிதம் எழுதிய அந்தப் பயிற்றுநர்கள் அதைத்தான் சொன்னார்கள், கேட்க ஆள் இல்லை. மடைக்குடும்பன் கரையில் நின்று சொன்னபோது ஊர் கேட்டது. பணம் கட்டியாகிவிட்டது, பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது என்பதற்காக அடம்பிடிக்காமல், படகில் ஏறாமலே திரும்பி வரவும் மாணவர்களும் ஆசிரியர்களும் பழக வேண்டும். கடல் அங்கேயேதான் இருக்கும், இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.