தார் போட்டும் சாலை அமுங்குவது ஏன்? காரணம் அடிமண்ணில்

சாலையின் பலம் தாரில் மட்டும் இல்லை. வண்டியின் எடையைத் தாரும் அதற்குக் கீழுள்ள ஜல்லியும் பரப்பிக் கொடுக்கின்றன. கடைசியில் தாங்குவது அடிமண்தான். அது இளகிவிட்டால், எத்தனை முறை தார் போட்டாலும் சாலை மீண்டும் அமுங்கும்.

குளிர் நாடுகளில் என்ன நடக்கிறது?

அங்கே பனிக்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைகிறது. உறைந்த பகுதி கீழிருந்து மேலும் நீரை இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாகத் திரட்டுவதால் சாலை மேலெழும்பும். ஆனால் பெரிய ஆபத்து பனி உருகும்போதுதான். மேல்மண் முதலில் உருகும். கீழ்மண் இன்னும் உறைந்திருப்பதால் நீர் வடிய வழியிருக்காது. மண் சேறாகும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில், இந்த உருகும் பருவத்தில்தான் சேதம் மிகுந்தது. அச்சின் எடை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற கணக்கும் அங்கிருந்தே வந்தது. அதனால்தான் மினசோட்டா போன்ற மாநிலங்கள் அந்தப் பருவத்தில் லாரிகளின் எடைக்கு வரம்பு விதிக்கின்றன.

நம் நாட்டில்?

இங்கே பனி இல்லை, மழை இருக்கிறது. மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நிற்பதே மண்ணின் பலம். இடைவெளிகளில் நீர் நிறைந்தால், மேலே ஏறும் எடையில் ஒரு பங்கை நீர் ஏற்கும்; நீருக்கு உராய்வு கிடையாது. வெயிலில் கல்லாக இருக்கும் தோட்டத்துச் செம்மண் பாதையில், மழைக்குப் பின் செம்பனைக் குலை லாரி புதைவது இதனால்தான்.

நிலத்தடிக் குழாய் கசிந்தால் ஆபத்து இன்னொரு வகை. கசியும் நீர் மண்ணையே அரித்துச் செல்லும். மேற்பரப்பு மட்டும் பாலம்போல் நிற்கும். 2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியதில், இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் விழுந்து காணாமல் போனார்.

சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் 2025 ஏப்ரல் 1 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். குழாயைத் தாங்கிய மண் நிலைகுலைந்ததையே விசாரணை அறிக்கை காரணமாகச் சுட்டியது. சாலையோ குழாயோ, அடிமண்ணின் நிலைதான் முக்கியம்.

கவனிக்க வேண்டியவை

* மழைக்குப் பின் விரிசல் வழியே சேறு கசிதல்
* முதலைத் தோல்போல் வலை வலையான விரிசல்
* ஒட்டுப்போட்ட இடமே மீண்டும் அமுங்குதல்
* மழையில்லாத நாளிலும் ஈரமாக இருக்கும் சாலை
* அடைபட்ட ஓரக் கால்வாய்

இவற்றைக் கண்டால், இடத்தையும் தேதியையும் குறித்து, படத்துடன் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்திடம் புகார் செய்யுங்கள். மத்திய அரசுச் சாலையாக இருந்தால் பொதுப்பணி இலாகாவை நாடலாம். "தார் போடுங்கள்" என்று மட்டும் கேட்காமல், "நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது?" என்றும் கேளுங்கள்.