தராசு யார் கையில்?

பேரிகையிலிருந்து நண்பர் ஒருவர் நமக்கு மடல் விடுத்துள்ளார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் எல்லையோர ஊர் அது. நண்பருக்கு ஓசூர் ஆலை ஒன்றில் பணி; ஞாயிறுதோறும் ஆலயம்; மாதம் ஒருமுறை படக்காட்சி. அவருடைய ஐயம் இது: “சுவையான படம், தவறவிடாதே என்கின்றனர் உடன் உழைப்போர். விசுவாசத்துக்கு ஒவ்வாதது, போகாதே என்கிறார் போதகர். சுவையை ஒரு தட்டிலும் நம்பிக்கையை மறு தட்டிலும் வைத்து எப்படி நிறுப்பது?”

கடவுள் மறுப்பாளரிடம் போய்க் கேட்கலாமா இக்கேள்வியை என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் நகைக்கவில்லை. நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்துவிட்ட உள்ளத்தை, அது எம்மதத்தைச் சார்ந்ததாயினும், நாம் மதிக்கிறோம். ஆனால் எப்படி நிறுப்பது என்பதற்கு முன் வேறொரு கேள்வி இருக்கிறது. தராசு யார் கையில் இருக்கிறது? வரலாறு இதற்குச் சொல்லும் விடை விந்தையானது.

தமிழகத்தில் படக்காட்சி பரவிய கதையிலேயே தொடங்கலாம். 1905-ஆம் ஆண்டில், திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோவைக் கிறித்தவர், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கொடுத்த தொகை 2,250 ரூபாய் என்பர். வேலையை உதறிவிட்டு, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். அவர் காட்டிய சுருள்களில் முதன்மையானது எது தெரியுமா? ஏசுநாதரின் வாழ்க்கை! திரைச்சீலையில் ஆடும் நிழலைத் தமிழர் முதன்முதல் கண்டு வியந்த அந்நாளில், பல ஊர்களில் அந்நிழல் நாசரேத்தூர்த் தச்சன் மகனின் நிழலாக இருந்தது. பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையை அவர் எழுப்பினார். அச்சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மராட்டியத்துப் பால்கேயும் பம்பாயில் கிறித்துவின் வாழ்க்கைப் படத்தைக் கண்ட பிறகே, நம் நாட்டுக் கதையையும் இவ்வாறு காட்டலாகாதா என்று எண்ணி, 1913-இல் அரிச்சந்திரனைத் திரையில் ஏற்றினார். திரைப்படம் சாத்தானின் கருவி என்று பேசும் போதகர்கள் இவ்வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

1948-இல் சிடாடல் நிறுவனத்தார் எடுத்த ‘ஞானசௌந்தரி’, கத்தோலிக்கக் குடும்பங்கள் நாடகமாகப் பார்த்து அழுத கதை. கைகள் வெட்டுண்ட பெண்ணுக்கு மரியன்னையின் அருளால் கைகள் மீளும் காட்சிக்குக் கிறித்தவரல்லாதாரும் கண்ணீர் வடித்தனர். அதே கதையை எடுத்த ஜெமினி வாசன் தமது படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. கை மீளும் அற்புதத்தை நாம் நம்புவோமா? நம்பமாட்டோம். எனினும் அப்படத்தை நிறுத்துக என்று கூக்குரலிடவில்லை, இடுவதும் முறையன்று.

மேலை நாட்டில் நடந்தது வேறு. 1930-களில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ என்ற ஒழுக்கக் காப்பு அணியைத் திரட்டினர். தீய படங்களைப் பாரோம் என்று மக்கள் உறுதிமொழி எடுத்தனர். 1936 ஜூன் 29-இல் போப்பாண்டவர் பதினோராம் பயஸ் ‘விகிலாந்தி கூரா’ என்ற சுற்றுமடலில் அவ்வணியைப் பாராட்டி, பிற நாட்டு ஆயர்களும் படங்களைத் தரம்பிரித்துத் தம் மக்களுக்கு அறிவிக்கக் கூறினார். பார்க்கமாட்டேன் என்று ஒருவன் தானே உறுதி பூணுவதில் நாம் குற்றம் காணோம். கள்ளுக்கடைக்குப் போகமாட்டேன் என்பவனைத் தடுப்பார் யார்? ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. அவ்வணியின் வலிமைக்கு அஞ்சிய ஆலிவுட் முதலாளிகள், 1934-இல் ஜோசப் பிரீன் என்ற கத்தோலிக்கரின் தலைமையில் ஓர் ஒழுங்குமுறை நிலையத்தை ஏற்படுத்தினர். அதன் ஒப்புதல் முத்திரையின்றிப் பெரும் நிறுவனத்துப் படம் எதுவும் வெளிவர இயலவில்லை. கத்தோலிக்கன் தனக்கென எடுத்த உறுதிமொழி, யூதனும் புராட்டஸ்டண்டும் எதையுமே நம்பாதவனும் எதைப் பார்க்கலாம் என்பதற்குச் சட்டமாயிற்று. தன் வீட்டுத் தராசு சந்தைக்கு வந்து, சந்தையிலிருந்த தராசுகளையெல்லாம் பறிமுதல் செய்துவிட்டது!

இதற்கு முதற்பெரும் அடி 1952-இல் விழுந்தது. இத்தாலிய இயக்குநர் ரோசலினியின் ‘அற்புதம்’ என்ற குறும்படம் நியூயார்க்கில் ஓடியது. ஆடு மேய்க்கும் பேதைப்பெண் ஒருத்தி, வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்றே நம்பிவிடுகிறாள். கருவுற்றதும் அது இறையருள் என்கிறாள். ஊர் அவளை எள்ளி நகையாடுகிறது. கர்தினால் ஸ்பெல்மன் கண்டித்தார். நியூயார்க் அதிகாரிகள் ‘தெய்வ நிந்தை’ என்று கூறி உரிமத்தைப் பறித்தனர். கத்தோலிக்க எழுத்தாளர்களிலேயே சிலர் கர்தினாலுடன் மாறுபட்டனர் என்பது குறிக்கத்தக்கது. அந்தப் பேதையிடம் அவர்கள் கண்டது நிந்தையை அன்று, இரக்கத்தை. அமெரிக்க உச்சநீதிமன்றம், தெய்வ நிந்தை என்ற காரணத்துக்காக ஒரு படத்தை அரசு தடுத்தல் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

அதே 1952-ஆம் ஆண்டில்தான் இங்கே ‘பராசக்தி’ வெளிவந்தது. கோயிலையும் பூசாரியையும் பழிக்கிறது, தடை செய் என்று கூச்சலிட்டனர் வைதிகர். கலைஞர் கருணாநிதியின் உரையாடல் பட்டிதொட்டியெங்கும் முழங்கிற்று. படம் தடைபடவில்லை. பார்க்க விரும்பாதவர் வீட்டில் இருக்கட்டும் என்பதே அன்று நம் தோழர்கள் சொன்ன விடை.

இனி, சொல்லக் கூசும் பகுதிக்கு வருகிறோம். சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

2006-ஆம் ஆண்டு ‘டாவின்சி கோட்’ என்ற ஆங்கிலப் படம் வந்தது. ஏசு மகதலேனா மரியாளை மணந்தார், அவர்தம் கால்வழி தொடர்கிறது, திருச்சபை அதை மறைத்தது என்பது கதை. துப்பறியும் விறுவிறுப்பு மிக்கது. வரலாறாக எடுத்துக்கொண்டால் பஞ்சுபோல் பறந்துவிடும். நடுவண் தணிக்கைக் குழு, வயது வந்தோருக்கு மட்டும் எனச் சான்றளித்து, இது கற்பனையே என்ற அறிவிப்பையும் சேர்க்கச் செய்தது. எனினும் கிறித்தவ அமைப்புகள் சில எதிர்ப்புக் காட்டின. தமிழ்நாடு அரசு, 1955-ஆம் ஆண்டுத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தைக் காட்டி, அமைதி கெடும் என்று கூறிப் படத்தை நிறுத்தியது. முதலமைச்சர் யார்? மே திங்களில் பொறுப்பேற்றிருந்த கலைஞர்! பராசக்திக்கு உரையாடல் தீட்டிய அதே பேனாவுக்குரியவரின் ஆட்சி. சிறுபான்மையோர் மனம் நோகலாகாது என்ற நல்லெண்ணம் காரணமாக இருந்திருக்கலாம். நல்லெண்ணத்தால் செய்த பிழையும் பிழையே.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் அவ்வாணையை நீக்கினார். இத்தகைய வழக்குகளுக்கெல்லாம் அடிப்படை, 1989-இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்காக உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு: கலகம் வரும் என்று சிலர் மிரட்டுவதைக் காட்டி அரசு பேச்சுரிமையை அடக்கலாகாது, மிரட்டுவோரை அடக்குவதே அரசின் கடமை. அந்தப் படம் இடஒதுக்கீட்டைச் சாடிய படம். அதன் கருத்து நமக்கு வேம்பு. ஆனால் அதற்காகப் பிறந்த தீர்ப்பு நம்மையும் காக்கிறது, பேரிகைக் கிறித்தவரையும் காக்கிறது. நாளை ஏசுநாதர் படத்தை ஒரு வெறியர் கூட்டம் நிறுத்தச் சொன்னால், அவர் சாயவேண்டிய சுவர் இதுவே.

பேரிகை நண்பரின் மடலில் நம்மை நிறுத்திய வரிகள் உள்ளன. 2006-இல் அவர் இளைஞர். தடை விதித்த மாநிலங்களின் வரிசையில் கருநாடகம் இல்லை. உடன் பணிசெய்த நண்பர்கள் எல்லை தாண்டிப் பெங்களூர் சென்று அப்படத்தைப் பார்த்து வந்தனர். இவர் போகவில்லை. “அரசு தடுத்ததற்காக நான் நிற்கவில்லை, எனக்கே பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் எவரும் அதை நம்பவில்லை. பேருந்துக்குக் காசில்லாமல் நின்றேன் என்று கேலி பேசினர்” என்கிறார். தடை இவரிடமிருந்து எதைப் பறித்தது என்று பாருங்கள்! தன் கருத்தால் விலகி நின்றவரையும், கதவு சாத்தியிருந்ததால் நின்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. அவருடைய மறுப்புக்குரிய மதிப்பையே அரசாணை விழுங்கிவிட்டது.

எப்படி நிறுப்பது என்று கேட்டாரல்லவா? நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. படம் யாரால் எடுக்கப்பட்டது, எதைக் காட்டுகிறது என்ற பட்டியல் மட்டும் போதாது. இத்தாலியில் பசோலினி என்றொருவர் இருந்தார். கடவுள் நம்பிக்கையற்றவர், மார்க்சியர். 1963-இல் அவருடைய குறும்படம் ஒன்று மதத்தை இழிவுபடுத்தியது என்று நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டே அவர் ‘மத்தேயு எழுதிய நற்செய்தி’யைப் படமாக்கினார். உழவரும் தொழிலாளரும் நடித்த படம். ஏழைகளின் ஏசுவைக் காட்டிய படம். மறைந்த போப் இருபத்துமூன்றாம் யோவானின் நினைவுக்கு அதை உரித்தாக்கினார். 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. முதற்படத்தைக் கண்டு முகம் சுளித்தவர்கள், இவன் படமே வேண்டாம் என்று கொட்டகையைப் பூட்டியிருந்தால்?

இப்போது ஓசூரில் ஓடும் படம் ஒன்றுக்குத் தம் மகளை அழைத்துச் செல்லலாமா என்று மடலை முடித்திருக்கிறார் நண்பர். மகளுக்கு வயது பத்தொன்பது, கல்லூரியில் பயில்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். அவரையே கேட்கும்படி மறுமொழி விடுத்துள்ளோம்.