கோவாக் கடற்கரைச் சுற்றுலாவும் வாடகைக் காரும்

கடற்கரை ஊருக்கு விடுமுறையில் செல்வோர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவற்றுள் ஒன்று, கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுவதா, டாக்சியையும் பேருந்தையும் நம்பியிருப்பதா என்பதாகும். இது பெரும்பாலும் செலவுக் கணக்காகவே பார்க்கப்படுகிறது. ஆனால் அந்தக் கணக்கின் விடை ஊருக்கு ஊர் மாறுகிறது. நிலத்தின் அமைப்பு, பாலங்கள், பேருந்துகள், டாக்சித் தொழில் வளர்ந்த விதம், நாட்டின் சட்டம் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. இந்தியாவில் தானே ஓட்டும் வாடகை வாகனங்கள் மிகுதியாகக் காணப்படும் இடங்களில் ஒன்றான கோவா இதற்குத் தெளிவான சான்று.

வாடகைக் காரின் தோற்றம்

ஓட்டுநர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்கு விடும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மார்ட்டின் சிக்ஸ்ட் 1912-இல் கார் வாடகை நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் 1918-இல் பன்னிரண்டு ஃபோர்டு கார்களுடன் இத்தொழிலில் இறங்கினார். 1923-இல் அதை ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். இன்றைய ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

தொடக்கத்தில் இந்நிறுவனங்கள் நகரங்களை மையமாகக் கொண்டிருந்தன. 1946-இல் வாரன் ஏவிஸ் டெட்ராய்ட் அருகே விமான நிலையத்திலேயே கார் வாடகை நிலையம் திறந்தார். விமானத்தில் வந்து இறங்குவோருக்கு அங்கேயே கார் கிடைக்கும் என்ற நிலை விடுமுறைப் பயணத்தின் இயல்பை மாற்றியது. தொடருந்து நிலையத்துக்கு அருகில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது.

ஆறுகள் பிரித்த நிலம்

கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். அதன் கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர் நீளமுடையது. தெரேகோல், சாப்போரா, மாண்டவி, சுவாரி, சால் முதலிய ஆறுகள் அக்கடற்கரையைப் பல துண்டுகளாகப் பிரிக்கின்றன. வரைபடத்தில் அடுத்தடுத்துத் தெரியும் இரு கடற்கரைகளுக்கிடையே ஓர் ஆற்றின் முகத்துவாரம் இருக்கும். பாலம் உள்ள இடம்வரை உள்நாட்டுப் பக்கம் சென்று திரும்ப வேண்டும், அல்லது வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி என்ற தட்டைப் படகைப் பிடிக்க வேண்டும்.

1510-இல் தொடங்கிய போர்ச்சுகீசிய ஆட்சி 1961 டிசம்பர் 19-இல் முடிவுற்றது. அதன் பின்னரே மாண்டவி, சுவாரி ஆகிய பேராறுகளின் மீது நெடுஞ்சாலைப் பாலங்கள் எழுந்தன. அவையும் நிலையாக இருக்கவில்லை. பணஜி அருகே மாண்டவியின் மீதிருந்த நேரு பாலம் 1986 ஜூலை 5-இல் இடிந்து விழுந்தது. தலைநகருக்கும் வட கோவாவுக்கும் இடையிலான போக்குவரத்து மீண்டும் படகுகளைப் பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. மாண்டவியின் மூன்றாவது பாலமான அடல் சேது 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. சுவாரியின் புதிய பாலத்தின் முதற்பகுதி 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. வட கோவாவில் தங்குவோர் ஒரே நாளில் தென் கோவாவுக்குச் சென்று திரும்புவது இதனால் எளிதானது.

ஹிப்பிகள் முதல் விடுதிகள் வரை

1960களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக வந்த ஹிப்பிகள் முதலில் கலங்குட்டிலும், பின்னர் அஞ்சுனாவிலும் தங்கினர். மீனவர், விவசாயிகளின் வீடுகளில் அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கிய அவர்களுக்கு விடுதிக் காரோ வழிகாட்டியோ தேவைப்படவில்லை. நடந்தும், மிதிவண்டியிலும், மோட்டார் சைக்கிளிலும் சென்றனர். கிராமங்களில் வண்டியை நாட்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் பழக்கம் இத்தகைய நீண்ட தங்கலை ஒட்டியே பரவியது.

அகுவாதா கோட்டை அருகே தாஜ் குழுமத்தின் கடற்கரை விடுதி 1974-இல் திறக்கப்பட்டது. 1983-இல் காமன்வெல்த் தலைவர்கள் அங்கே கூடினர். 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனி விமானங்கள் தாபோலிமில் இறங்கத் தொடங்கின. ஓரிரு வாரமே தங்கிய இவர்களை விடுதி வாசலில் நின்ற டாக்சிகள் அழைத்துச் சென்றன. நிலையத்துக்கு நிலையம் டாக்சி உரிமையாளர் சங்கங்கள் வலுப்பெற்றன.

பொதுப் போக்குவரத்தில் அரசின் கடம்பா போக்குவரத்துக் கழகம் 1980-இல் நிறுவப்பட்டது. அதன் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் பணஜி, மாப்புசா, மட்காவ் போன்ற நகரங்களை நன்றாக இணைக்கின்றன. நகரத்திலிருந்து கடற்கரைக்கும் பேருந்து உண்டு. ஆனால் ஒரு கடற்கரையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நகரம்வரை வந்து மாற வேண்டியிருக்கும். இரவில் பேருந்துகள் குறைந்துவிடும். இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ‘பைலட்’ என்றழைக்கப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுநர்கள். அவர்களது வண்டியின் மஞ்சள் நிற மட்கார்டு உரிமம் பெற்றதற்கான அடையாளம்.

சட்டம் வகுத்த வழி

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தாமே ஓட்டிக்கொள்ள விரும்புவோருக்கு வாகனத்தை வாடகைக்கு விடும் தொழிலை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதன்கீழ் 1989-இல் காருக்கும், 1997-இல் மோட்டார் சைக்கிளுக்கும் தனித்தனித் திட்டங்கள் வகுக்கப்பட்டன. கார் வாடகை உரிமம் பெறக் குறைந்தது 50 கார்கள் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 5 வண்டிகள் போதும்.

இந்த எண்களின் வேறுபாடு முக்கியமானது. ஒரு குடும்பம் ஐந்து ஸ்கூட்டர்களை வாங்கித் தொழில் தொடங்கலாம். ஒரே கார் வைத்திருப்பவர் தம் பெயரில் கார் வாடகை உரிமம் பெற வழியில்லை. உரிமம் பெற்ற ஒருவரின் கீழ்த் தம் காரைச் சேர்க்க வேண்டும், அல்லது உரிமமின்றிச் சொந்தக் காரை வாடகைக்கு விட வேண்டும். இரண்டாவது வழி சட்டத்துக்குப் புறம்பானது என்றாலும், சுற்றுலாப் பருவத்தில் அது தொடர்ந்து நடைபெறுகிறது.

எண்பலகையின் நிறம்

இவ்வேறுபாட்டைப் பயணி எண்பலகையைப் பார்த்தே அறியலாம். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் சொந்தப் பயன்பாட்டு வாகனம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து டாக்சிக்கு உரியது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது தானே ஓட்டுவதற்கு முறையாக வாடகைக்கு விடப்படும் வாகனம். (மின்சார வாகனங்களின் பலகை பச்சை நிறம்.)

வெள்ளைப் பலகைக் கார் சில நூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதன் காப்பீடு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே எடுக்கப்பட்டது. வாடகையில் ஓடும்போது விபத்து நேர்ந்தால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாகக் கூறிக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு. அப்போது காரின் சேதம் மட்டுமின்றி, அடிபட்டவருக்கான இழப்பீடும் உரிமையாளர் மீதும் ஓட்டியவர் மீதும் விழக்கூடும். சாலையில் நடந்துசென்ற உள்ளூர்க்காரர் ஒருவர் காயமுற்றால், அவருக்கு இழப்பீடு கிடைப்பதே நீண்ட வழக்காகிவிடும். ஆகவே பலகையின் நிறம் வாடகைக்கு எடுப்பவரின் நலனோடு மட்டும் நின்றுவிடும் செய்தியன்று.

டாக்சி ஓட்டுநர்களின் வாதம்

கோவாவில் டாக்சிக் கட்டணம் அதிகம் என்பது பயணிகளின் பழைய குறை. மீட்டர் பொருத்துவது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துணையுடன் 2018-இல் ‘கோவா மைல்ஸ்’ என்ற செயலி வந்தபோது டாக்சி உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. சுற்றுலாப் பருவம் ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரைதான். மழைக்காலத்துக் கடன் தவணையையும் அந்த மாதங்களின் வருவாயிலேயே கட்ட வேண்டும். தொலைதூரச் சவாரி முடிந்து திரும்பும்போது வண்டி பெரும்பாலும் வெறுமையாகவே வருகிறது. வாடகைக் கார்கள் பெருகப் பெருக அவர்களது சவாரிகள் குறைகின்றன. பயணி டாக்சியைத் தவிர்ப்பதற்குக் காரணம் உயர்ந்த கட்டணம். கட்டணம் உயர்வதற்கு ஒரு காரணம் குறைந்த சவாரி. இந்தச் சுழல் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

எடுப்பதா, வேண்டாமா?

மேற்கண்ட வரலாறு முடிவெடுப்பதற்கான சில அளவுகோல்களைத் தருகிறது.

முதலாவது, இறங்கும் இடம். வடக்கே மோப்பாவில் புதிய விமான நிலையம் 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து தெற்குக் கோடியிலுள்ள பாலோலம் சுமார் 100 கிலோமீட்டர். கொங்கண் ரயிலில் மட்காவில் இறங்குவோருக்கு அதே பாலோலம் 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, செல்லும் இடங்களின் எண்ணிக்கை. கலங்குட், பாகா, காண்டோலிம் ஆகியவை ஒரே நீண்ட மணல்வெளியின் பகுதிகள். அங்கேயே நான்கு நாள் தங்குவோருக்குக் கார் பெரும்பாலும் விடுதி வாசலிலேயே நிற்கும். வாடகை மட்டும் ஏறும். போக வர இரு டாக்சிச் சவாரிகளும் இடையில் ஒரு ஸ்கூட்டரும் போதும். பழைய கோவாவின் தேவாலயங்கள், போண்டாவின் கோயில்கள், தென் கோவாவின் கடற்கரைகள் எனப் பரவலாகச் செல்லும் குடும்பத்துக்கு, குறிப்பாகக் குழந்தைகளும் முதியோரும் உடனிருந்தால், கார் சிக்கனமானது.

மூன்றாவது, ஓட்டுபவரின் நிலை. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். மாலையில் மது அருந்த எண்ணுவோர் அன்றைய பயணத்துக்கு டாக்சியையே கணக்கில் வைக்க வேண்டும். மணலில் காரை இறக்கி ஓட்டுவதும் தடைசெய்யப்பட்டது. அலையில் சிக்கும் காரை மீட்கும் செலவும் வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும்.

கார் எடுப்பதென முடிவு செய்தால், கறுப்புப் பலகையையும் காப்பீட்டுச் சான்றையும் பார்ப்பதும், வண்டியிலுள்ள பழைய கீறல்களைப் படமெடுத்து வைப்பதும், முன்பணத்துக்கு ரசீது பெறுவதும் தவறாமல் செய்ய வேண்டியவை.