சோறும் பச்சை இறைச்சியும்: யாழ்ப்பாணத்து நாய்க்குட்டியின் உணவு குறித்து ஒரு மறுவாசிப்பு

நாய்க்குட்டிக்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, 2013 ஜனவரியில் எரிக் அக்செல்சன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை முடிவான மறுமொழி தந்துவிட்டது என்ற எண்ணம் துறைசார்ந்த எழுத்துகளில் ஊறிப்போயிருக்கிறது. நாய் ஓநாயன்று; மாப்பொருளைச் செரிக்கும் வலு அதன் மரபணுவிலேயே பதிந்திருக்கிறது; ஆகவே சோறு தின்று வளர்ந்த ஊர்நாயின் உணவே போதும். அந்த வாதம் இவ்வாறு போகும். அதன் முடிவில் பாதி எனக்கும் உடன்பாடே. குடாநாட்டு வீடொன்றுக்குப் புதிதாக வரும் குட்டிக்கு நானும் பச்சை உணவைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அக்செல்சன் கட்டுரை அந்த முடிவுக்குச் சான்றாகாது. ஓநாயைக் காட்டி இறைச்சியை நியாயப்படுத்துவோர் செய்யும் பிழையையே, அமைலேசைக் காட்டிச் சோற்றை நியாயப்படுத்துவோரும் செய்கிறார்கள்.

அந்தக் கட்டுரை நிறுவியது என்ன? உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 12 ஓநாய்களினதும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களினதும் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, வீட்டுவளர்ப்பின்போது தெரிவுக்கு உள்ளானவையாகத் தோன்றும் 36 பகுதிகளை அது அடையாளங் கண்டது. மாப்பொருள் செரிமானம், கொழுப்பின் வளர்சிதை மாற்றம் ஆகியவற்றோடு தொடர்புடைய 10 மரபணுக்கள் அவற்றில் இருந்தன. பெரிதும் பேசப்பட்டது ஏஎம்ஒய்2பி என்ற மரபணு. ஓநாயில் அதற்கு 2 பிரதிகள். நாயில் 4 முதல் 30 வரை. நாயின் சதையியில் அது 28 மடங்கு கூடுதலாகத் தொழிற்படுகிறது. குருதியில் அமைலேஸ் நொதியத்தின் செயற்பாடு 4.7 மடங்கு உயர்ந்திருக்கிறது. வலுவான சான்று. இதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு, இதை உணவுப் பரிந்துரையாக மாற்றும் இடத்தில்தான். முதலாவது, இந்தப் பெருக்கம் எல்லா நாய்களுக்கும் பொதுவானதன்று. அடுத்த ஆண்டே வெளிவந்த வேறொரு குழுவின் ஆய்வு, டிங்கோவில் ஓநாயைப் போலவே 2 பிரதிகளையும் ஹஸ்கியில் மிகச் சிலவற்றையும் கண்டது. வேளாண்மை வேரூன்றிய நிலங்களின் நாய்களில் பிரதிகள் கூடுதல், பனிநில நாய்களில் குறைவு என்ற போக்கைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. வயலும் தோட்டமும் சூழ வாழ்ந்த நம் ஊர்நாய் முதல் வகையைச் சேர்ந்தது என ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் இன்று வாங்கி வரப்படும் குட்டி பெரும்பாலும் அல்சேஷன், லபிறடோர். சில வேளை ஹஸ்கியும் வருகிறது, இந்த வெயிலுக்குள். ஊர்நாய்க்கான ஊகத்தை அதன் மேல் ஏற்ற இயலாது.

இரண்டாவதே முதன்மையானது. ஒரு விலங்கு எதைச் செரிக்க வல்லது என்பதும், வளர்வதற்கு எது அதற்குப் போதும் என்பதும் வேறு வேறு கேள்விகள். அக்செல்சன் குழுவினர் முதலாவதைத்தான் கேட்டனர். அமைலேஸ் மாப்பொருளைக் குளுக்கோசை நோக்கி உடைக்கும், எலும்பு கட்டாது. தாய்ப்பால் குடிக்கும் குட்டியின் சதையியில் இந்த நொதியம் மிகக் குறைவு என்பதும், பால் மறந்த பின்னரே அது கூடுகிறது என்பதும் குட்டியைப் பற்றிப் பேசுவோர் மறக்கக் கூடாதவை.

இந்த விவாதத்தில் கவனம் பெறாத இன்னொன்றும் உண்டு. வேகாத மாப்பொருள் மணிகளை நாயின் அமைலேஸ் எளிதில் உடைப்பதில்லை. நீரில் வெந்து கூழான மாப்பொருளில்தான் அது முழு வலுவோடு வேலை செய்கிறது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பழைய நாய் எலும்புகளில், ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெருக்கம் இருந்ததாக 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பானையும் அடுப்பும் இருந்த காலம் அது. எனவே ஏஎம்ஒய்2பியின் பெருக்கம் தானியத்துக்கு மட்டுமல்ல, சமையலுக்கும் சாட்சி என்று வாசிக்க இடமிருக்கிறது. இதை நிறுவ நேரடிச் சான்று இல்லை. ஆயினும் ‘நாய்க்குச் சமையல் இயற்கைக்கு மாறானது’ என்ற கூற்றை இது பெரிதும் ஆட்டங்காணச் செய்கிறது என்றே நினைக்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். பால் மறந்த, 5 கிலோ எடையுள்ள, பெரிய இனக் குட்டியொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 கிலோகலோரி வேண்டும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2006ஆம் ஆண்டு அளவீட்டின்படி, வளரும் குட்டிக்கு 1,000 கிலோகலோரிக்கு 3 கிராம் கல்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. குறைந்தபட்சம் 2 கிராம். ஆக இந்தக் குட்டிக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 2.1 கிராம் வரை தேவை. அந்த 700 கிலோகலோரியும் சோற்றிலிருந்தே வருவதானால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் சோறு வேண்டும். அதிலுள்ள கல்சியம் 60 மில்லிகிராமைத் தாண்டாது. எலும்பு நீக்கிய பச்சைக் கோழி இறைச்சியிலிருந்தே வருவதானால் அதுவும் அரைக் கிலோவுக்கு மேல். கல்சியம் அங்கேயும் ஏறத்தாழ அதே 60 மில்லிகிராம். தேவையில் இருபதில் ஒரு பங்குகூட இரண்டிலும் இல்லை. இறைச்சியின் நிலை இன்னும் மோசம்: பொஸ்பரஸ் அதில் கல்சியத்தைப் போல 15, 20 மடங்கு இருப்பதால், உடல் எலும்பைக் கரைத்து ஈடுசெய்யப் பார்க்கும். முன்னங்கால் வளைந்து, நடக்க மறுத்து, சிறு துள்ளலில் எலும்பு முறியும் குட்டிகளில் மிருக வைத்தியர்கள் காண்பது இதைத்தான்.

பத்தாண்டாக எதிரெதிரே நின்று வாதிடும் இரு தரப்பும் குட்டியின் எலும்பைப் பொறுத்தவரை ஒரே தட்டில் நிற்கின்றன. ‘பச்சையா, வெந்ததா’ என்ற கோடு பிழையான இடத்தில் கீறப்பட்டிருக்கிறது.

பச்சை உணவுக்கு மாறியதும் குட்டி தேறியது என்ற அனுபவச் சான்றை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘சமைத்த உணவு’ என்பது என்ன? மதியம் மிஞ்சிய சோறும் குழம்பும். அந்தக் குழம்பில் வலிகாமத்துச் சின்ன வெங்காயம், உள்ளி, அளவுக்கு மிஞ்சிய தூள். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. குழம்புச் சோற்றிலிருந்து வெறும் இறைச்சிக்கு மாறிய குட்டி உற்சாகமடைந்தால், அது பச்சை இறைச்சியால் வந்ததா, குழம்பை நிறுத்தியதால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. நான் இரண்டாவதன் பக்கம்.

எலும்போடு கொடுப்போம் என்பது பச்சை உணவாளரின் வலுவான மறுமொழி. 1993இல் அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் தொடக்கிவைத்த வழியும் அதுவே. கல்சியத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி, அளவு தப்பாத வரை. பெரிய இனக் குட்டிகளில் மிகைக் கல்சியமும் எலும்பைக் கோணலாக்கும் என்பதை உட்றெக்ற் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளிடையே நடந்த ஆய்வுகள் 1980களிலேயே காட்டிவிட்டன. அவர்கள் பெரிதும் விரும்பும் பச்சைக் கோழிக் கழுத்திலும் சிக்கல் உண்டு. மெல்பேர்னில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, நாய்களுக்கு வரும் ஒருவகைத் திடீர் நரம்பு வாதத்தைக் கம்பைலோபக்டர் தொற்றோடும் பச்சைக் கோழியோடும் தொடர்புபடுத்துகிறது.

பாசையூரிலும் குருநகரிலும் மலிவாகக் கிடைக்கும் சிறுமீனைப் பச்சையாகப் போடலாமே என்பார்கள். இதுதான் குடாநாட்டுக்கே உரிய கண்ணி. நெத்தலி இனத்திலும், சூடையும் கீரியும் சேர்ந்த ஹெரிங் குடும்பத்து மீன்கள் பலவற்றிலும் தயமினேஸ் என்ற நொதியம் உண்டு. அது விற்றமின் பி1ஐ அழிக்கும். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் பண்ணை நரிகள் வாதம் கண்டு மடிந்தபோது, பச்சை மீன் தீனியே காரணம் என்று தெரியவந்தது. நரியும் நாய்க் குடும்பந்தான். நெல்லைப் புழுக்கும்போது பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால் தீட்டிய பின்னும் குத்தரிசியில் அது தங்குகிறது. அந்தச் சோற்றோடு பச்சை நெத்தலியைப் பிசைந்து வைத்தால், காத்து வைத்ததைச் சட்டியிலேயே தொலைத்தவர்களாவோம். சூடு பட்டதும் தயமினேஸ் செயலிழந்துவிடும். அதே சிறுமீனைத் தலையோடு, உப்பும் தூளும் இன்றி, முள் நசியும்வரை பிரஷர் குக்கரில் அவித்தால் நிலைமை தலைகீழ். தகரத்தில் வரும், முள்ளோடு வெந்த மத்தி வகை மீனின் 100 கிராமில் 380 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது. அவித்த சூடையிலும் அவ்வளவு எனக் கொண்டால், 200 கிராம் மீனும் மீதிக்குச் சோறும் பொடித்த முட்டைக்கோதில் பாதியும் சேர்ந்து மேற்சொன்ன குட்டியின் தேவைக்குள் வந்துவிடுகின்றன. ஒரு முழுக்கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் உண்டு.

தொற்றுக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் நெதர்லாந்தில் உறைநிலைப் பச்சை உணவுப் பொருள்கள் 35ஐச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் லிஸ்டீரியாவும், ஐந்தில் ஒன்றில் சல்மனெல்லாவும் இருந்தன. உறைநிலை புழுக்களைக் கொல்லலாம், பற்றீரியாவைக் கொல்லாது. அதுவும் மின்சாரம் நின்று எரிந்தால். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாடு இது. கனடாவில் 2007இல் வெளியான ஆய்வில், சல்மனெல்லா கலந்த பச்சை உணவு தின்ற 16 நாய்களில் 7 அதை மலத்தில் வெளியேற்றின. ஒன்றுக்கும் நோய்க்குறி இல்லை. நாய் சுகமாக இருக்கிறது என்ற வாதம், அதே முற்றத்தில் தவழும் குழந்தையைக் கணக்கில் எடுப்பதில்லை.

‘அப்பு காலத்து நாய்கள் பழஞ்சோறு தின்று பதினைந்து வருஷம் இருந்தன’ என்பது சான்றன்று. இருந்தவற்றை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. இறந்த குட்டிகளை யாரும் எண்ணவில்லை. கூரிய பல்லைக் காட்டும் வாதமும் அப்படித்தான். பல் எதைக் கிழிக்கலாம் என்று சொல்லும், எது போதும் என்று சொல்லாது.

மிஞ்சுவது சைவ வீட்டுக்காரரின் ஆட்சேபம். அது பொருட்படுத்த வேண்டியது. மச்சம் புழங்காத அடுக்களையில் சூடையும் இல்லை, முட்டைக்கோதும் இல்லை. அரைச் சைவ வீடுகளிலும் நல்லூர்க் கொடியேறிய 25 நாளும் மச்சச் சட்டி கவிழ்த்தே கிடக்கும். எட்டு வாரக் குட்டிக்கு அந்த 25 நாள் சிறு இடைவெளியன்று; எலும்பு மிக வேகமாக வளரும் காலத்தின் ஒரு பகுதி. அங்கே பருப்பும் தயிரும் சோறும் புரதத்தை ஓரளவு கொண்டுவரும். கல்சியக் குறையைத் தயிர் தனித்து நிரப்பாது. மிருக வைத்தியர் எடை பார்த்து எழுதித் தரும் கல்சியக் காபனேற்றுத் தூளை அந்த நாள்களில் சோற்றில் கலந்தால் போதும். அதற்கு விரதமும் தடையில்லை.