கோலும் நூலும்

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலில் 40-ஆம் அதிகாரத்தில், அவர் காணும் தரிசனத்தில், ஒருவர் வாசலில் நிற்கிறார். கையில் சணல் கயிறு, கூடவே ஓர் அளவுகோல். பாபிலோனியர் இடித்துப்போட்ட ஆலயத்துக்குப் பதிலாக எழவேண்டிய புதிய ஆலயத்தை அவர் சுவர் சுவராக, வாசல் வாசலாக அளந்துகொண்டே போகிறார். கோலின் நீளம் ஆறு முழம். ஒவ்வொரு முழமும் வழக்கமான முழத்தைவிட நாலு விரல் அகலம் கூடியது. இன்றைய கணக்கில் சுமார் பத்தடி. எபிரெயத்தில் அந்தக் கோலுக்குப் பெயர் 'கானே'. நாணல் என்று பொருள்.

கிறிஸ்தவ உலகம் தன் வேதநூல்களின் அதிகாரத்தைச் சொல்லப் பயன்படுத்தும் 'கேனன்' என்ற சொல்லின் வேர் இந்த நாணலில் இருக்கிறது என்பதே பெரும்பாலான மொழியறிஞர் கருத்து. மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆற்றங்கரைகளில் இருபதடிக்கு மேலும் வளரும் பெருநாணல் உண்டு. உள்ளே வெற்றுக்குழல், கையில் கனம் தெரியாது, கணுவைச் சீவிவிட்டால் நேரான கோல் தயார். கொத்தனுக்கு வேறென்ன வேண்டும்? அக்காடிய மொழியிலும் அது 'கனூ'தான். எபிரெய வேதத்தில் இந்த ஒரே சொல் பல வேலை செய்கிறது: ஏசாயாவில் ஓரிடத்தில் நெரிந்த நாணல், இன்னோரிடத்தில் வெள்ளி நிறுக்கும் துலாக்கோல், யாத்திராகமத்தில் பொன் விளக்குத்தண்டின் கிளைகள். கடல் தாண்டிக் கிரேக்கம் போனபோது 'கன்னா' ஆயிற்று. அங்கிருந்து லத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகளில் கால்வாய்க்கும் பீரங்கிக்கும் பெயர் கொடுத்தது, இரண்டும் குழல்தானே. நம் வீட்டுக் கொல்லைக் கல்வாழைக்குத் தாவரவியலார் இட்ட 'கன்னா' என்ற பெயரும் இதே வழியில் வந்ததுதான்.

கன்னாவின் உறவு 'கனோன்'. கிரேக்கரிடம் அது முதலில் வெறும் நேர்க்கோல். ஹோமரின் காவியத்தில் கேடயத்தின் உள்ளே ஓடும் குச்சி, தறியில் நூல் சுற்றிய கோல். பிறகு கொத்தனும் தச்சனும் நேர் பார்க்கும் மட்டக்கோல். அதன்பின் பொருள் கருவியை விட்டுக் கருத்துக்கு ஏறியது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் சிற்பி பொலிக்ளெய்டோஸ் மனித உடலின் அளவு விகிதங்களைப் பற்றி எழுதிய நூலுக்கே 'கனோன்' என்று பெயர் வைத்தார். உண்மையை எதைக்கொண்டு சோதிப்பது என்று எழுதிய எபிகூரஸும் அதே தலைப்பைத்தான் எடுத்தார். அரிஸ்டாட்டில் ஒரு வேடிக்கையான கனோனைக் குறிப்பிடுகிறார். லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் ஈயத்தால் அளவுகோல் செய்வார்களாம். அது கல்லின் வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். கோல் கல்லைத் திருத்துகிறதா, கல் கோலை வளைக்கிறதா என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. நல்லவேளையாக, எசேக்கியேல் கண்டது ஈயக்கோல் அல்ல.

புதிய ஏற்பாட்டில் 'கனோன்' வருகிறது, ஆனால் புத்தகங்களைப் பற்றி அல்ல. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது நடந்துகொள்ளவேண்டிய நெறியை அப்படிச் சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தனக்கு அளந்துவிடப்பட்ட ஊழிய எல்லையை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் இடத்தில் 'பிரமாணம்', இரண்டாம் இடத்தில் 'அளவுப்பிரமாணம்'. மொழிபெயர்த்தவர்கள் அறிந்து செய்தார்களோ என்னவோ, இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திராது. பிரமாணத்தின் வேரிலும் அளத்தல்தான் இருக்கிறது. அளவு சான்றாகி, சான்று அதிகாரமாகி, கடைசியில் நீதிமன்றப் பிரமாணப் பத்திரம் வரை வந்து நிற்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரேனியஸ் 'உண்மையின் கனோன்' என்று எழுதியபோதும் அவர் சொன்னது ஏடுகளின் பட்டியலை அல்ல. ஞானஸ்நானம் பெறுபவர் ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கையின் சாரத்தை. அந்தக் கோலை வைத்து அவர் போதனைகளை அளந்தார்.

யூதர்களிடம் இந்தச் சொல்லே இல்லை. ஆனால் எந்த நூல் புனிதம் என்ற கேள்வி இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த வழக்கு விசித்திரமானது. புனித நூல் என்றால் 'கைகளைத் தீட்டாக்கும்' நூல். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'யதாயிம்' பகுதியில், உன்னதப்பாட்டும் பிரசங்கியும் கைகளைத் தீட்டாக்குமா என்று ரபிகள் வாதாடுகிறார்கள். உன்னதப்பாட்டுக்காக ரபி அகிவா பரிந்து பேசுகிறார். புனிதம் எப்படித் தீட்டாகும்? மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் தரும் விளக்கம் சமையலறையிலிருந்து வருகிறது. ஆசாரியருக்கு ஒதுக்கிய உணவும் புனிதம், தோராச் சுருளும் புனிதம் என்று இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தார்களாம். உணவைத் தேடி வந்த எலி சுருளைக் கடித்ததாம். தொட்டால் தீட்டு என்று விதித்தபின் யாரும் சுருளைச் சாப்பாட்டின் பக்கத்தில் வைக்கவில்லை. அதிகாரம் என்ற அருவமான சங்கதி இங்கே கை கழுவும் பழக்கத்தில் வந்து உட்காருகிறது. எனக்குக் கிரேக்கரின் கோலைவிட ரபிகளின் இந்த ஏற்பாடு பிடிக்கும்.

சொல் புத்தகங்களின் மேல் ஏறியது நான்காம் நூற்றாண்டில். அலெக்சாந்திரியா ஆயர் ஆண்டுதோறும் ஈஸ்டர் தேதியை அறிவித்து எகிப்து சபைகளுக்குக் கடிதம் அனுப்புவது வழக்கம். அந்தப் பதவியில் இருந்த அத்தனாசியுஸின் 39-ஆம் கடிதம், 367-இல் எழுதியது, தேதியோடு ஒரு பட்டியலையும் தந்தது. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் கூடாமல் குறையாமல் அதில் இருக்கின்றன. அவற்றைக் 'கனோனுக்குள் வந்தவை' என்றார். ஹெர்மாசின் 'மேய்ப்பன்', 'திதகே' போன்றவை புதிதாகச் சேர்வோர் வாசிக்கலாம், ஆனால் கனோனில் இல்லை. பழைய ஏற்பாட்டில் அவர் பட்டியல் இன்றைய யாருடையதோடும் ஒத்துப்போகாது: எஸ்தரைக் கனோனிலிருந்து எடுத்து வாசிக்கத் தகுந்தவற்றில் வைத்தார், பாரூக்கை எரேமியாவோடு உள்ளே சேர்த்தார்.

இங்கேதான் சொல்லுக்குள் ஒரு சறுக்கல். அதுவரை அளக்கும் கோலாக இருந்தது இப்போது அளந்து எடுத்தவற்றின் பட்டியலும் ஆகிறது. கிரேக்கத்தில் இதற்கு வழி ஏற்கெனவே திறந்திருந்தது. வானியலார் தங்கள் அட்டவணைகளைக் கனோன் என்றே அழைத்தார்கள், செசரியா ஆயர் யூசேபியஸ் நான்கு சுவிசேஷங்களின் ஒத்த பகுதிகளை அடுக்கிய பத்து அட்டவணைகளும் 'கனோன்கள்'தான். தமிழில் இந்தச் சறுக்கல் உறுத்துவதே இல்லை. பவணந்தியின் நன்னூல், மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று விளக்கம் சொல்கிறது. அளக்கும் கயிறும் படிக்கும் ஏடும் நமக்கு ஒரே சொல். எசேக்கியேல் கண்டவர் கையில் கோலோடு கயிறும் இருந்தது ஏன் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் அளந்தது யார்? சபை கூடி நூல்களைத் தேர்ந்தது என்றால், சபைதானே கோல்? நூல்களுக்கு அதிகாரத்தைச் சபை கொடுத்ததா, அவற்றில் இருந்ததைச் சபை கண்டுகொண்டதா? தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் வேதவாக்கியங்களைக் குறித்து ஒரு கூட்டுச்சொல்லைத் தருகிறது: 'தியோப்நியூஸ்தொஸ்', கடவுள் மூச்சுவிட்டது. அந்தக் கடிதம் முதலில் மனத்தில் வைத்தது யூதரின் வேதத்தை. சபை பின்னாளில் தன் நூல்களுக்கும் அதை விரித்துக்கொண்டது. 1640-களில் லண்டனில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையின் சீர்திருத்தவாதிகள், வேதத்தின் அதிகாரம் எந்த மனிதரின் சாட்சியையும் எந்தச் சபையின் சாட்சியையும் சார்ந்ததல்ல, அதன் ஆசிரியரான கடவுளையே சார்ந்தது என்று அறிக்கையிட்டார்கள். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம், மனித முயற்சியால் எழுதப்பட்டுப் பின்னர் திருச்சபை ஒப்புதல் தந்ததால் இந்நூல்கள் திருமுறை ஆகவில்லை, கடவுள் அவற்றின் ஆசிரியர் என்பதால்தான் என்றது. மூன்று நூற்றாண்டு முட்டிக்கொண்ட இரு தரப்பும் மூலம் எது என்பதில் ஒரே பேச்சு. எண்ணிக்கையில்தான் பிரிவு: புராட்டஸ்டன்ட் தரப்பில் 66, கத்தோலிக்கத் தரப்பில் 73. எந்த நூல்கள் என்று அறிய கத்தோலிக்கர் மரபை நம்புகிறார்கள். 1546-இல் திரெந்து சங்கம் பெயர் பெயராகப் பட்டியலிட்டது. புராட்டஸ்டன்ட் தரப்பு, உள்ளத்தில் ஆவியானவர் தரும் சாட்சி என்கிறது. அந்தச் சாட்சி லூதருக்கே நாலு இடத்தில் தயங்கியது. 1522-இல் வந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் ஆகியவை எண் போடாமல் பட்டியலின் கடைசியில் நிற்கின்றன.

இவர்கள் மட்டுமல்ல. சிரியாக் மொழியின் பழைய வேத மொழிபெயர்ப்பான பெஷித்தாவில் புதிய ஏற்பாடு 22 நூல்களோடு நின்றது. எத்தியோப்பியச் சபை மொத்தம் 81 என்று எண்ணுகிறது; ஏனோக்கின் நூல் அவர்களுக்கு வேதம்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கேனனுக்குச் சொல் தேடியபோது சைவத்தின் பன்னிரு திருமுறை அருகிலேயே இருந்தது. கத்தோலிக்க வழக்கில் 'திருமுறை' நிலைத்தது. கூடுதலாக உள்ள ஏழு நூல்களைப் புராட்டஸ்டன்ட்கள் 'தள்ளுபடி ஆகமங்கள்' என்று சொல்லிவந்தார்கள். பெயரிலேயே தீர்ப்பு எழுதிய சொல் அது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவற்றை 'இணைத்திருமுறை நூல்கள்' என்ற தலைப்பின்கீழ்த் தனிப் பகுதியாக வைத்திருக்கிறது.